ஏழாவது கேள்வி

ஹாப்சாலுவில் ஜூன் மாதம் சரியாக இருட்டுவதில்லை.
பத்தரை மணிக்கும் ஜன்னலில் வெளிச்சம் நிற்கிறது,
மணி அடித்தும் வீட்டுக்குப் போகாத மாணவனைப் போல.

விடைத்தாள் திருத்துகிறோம்.
எண்டெல், வைக்கெ, நான்.
கட்டுக்கு இருபத்தைந்து.
நூலைப் பிரித்துத் திரும்பக் கட்டினால்
ஒரு கட்டு முடிந்தது.
பெயர்கள் கிடையாது. எண்கள்.

வாசித்துப் புரிந்துகொள்ளுதல். பதினான்கு வரிப் பத்தி.
கடல் உறைந்த பிப்ரவரியில்
ஓர் அப்பா மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு
பனிச்சாலை வழியே தீவுக்குக் கிளம்புகிறார்.
ஏழு கேள்விகள்.

ஐந்தாவது:
சீட் பெல்ட்டை அவிழ்க்கும்படி அப்பா ஏன் சொன்னார்?
விடைக்குறிப்பு: அறிவிப்புப் பலகையில் அப்படி இருந்ததால்.
ஆறாம் வரி. இரண்டு மதிப்பெண்.

பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்.
கேள்வியிலிருந்து 'பெல்ட்' என்ற சொல்லைக் கிள்ளி எடுத்து
அதைக் கையில் பிடித்தபடி பத்திக்குள் இறங்கி
அதே சொல் இருக்கும் வரியைக் கண்டதும்
அப்படியே பெயர்த்து வந்து ஒட்டிவிடுகிறார்கள்.
'தொரணன் மிழைகளைச் சிவித்தான்' என்று கொடுத்து
மிழைகளைச் சிவித்தது யாரென்று கேளுங்கள்,
தொரணன் என்பார்கள்.
முழு மதிப்பெண் போட்டாக வேண்டும்.

நானும் கெட்டிக்காரிதான்.
'பலகை' கண்ணில் பட்டால்
சிவப்புப் பேனா தானே இரண்டு போடும்.
நிமிடத்துக்கு ஒரு தாள். நடுவில் தேநீர்.

அப்புறம் 217.
சாய்ந்த எழுத்து. பத்தியின் ஓரமெல்லாம் பென்சில்.
முதல் வரிக்குப் பக்கத்தில்: அப்பாவுக்குக் கோபமா?
அதை அடித்துவிட்டு, நான்காம் வரியருகே:
கோபம் இல்லை. ரேடியோவை அணைக்கிறார். எதைக் கேட்க?
இரண்டாம் வரியில் ஒரு சொல்லைச் சுற்றி வட்டம்.
கீழே சுண்டைக்காய் அளவில் ஒரு கார்,
நான்கு கதவுகளும் திறந்தபடி.

ஐந்தாவதுக்கு எழுதியிருந்தது:

'மைனஸ் பதினெட்டு என்கிறது மூன்றாம் வரி.
அதற்கு முன்பே அவர் கார்க் கண்ணாடியை
விரலளவு இறக்கிவிட்டார்.
அந்தக் குளிரில் ஜன்னல் திறக்கிறவர்
குளிரைப் பற்றி யோசிக்கவில்லை.
பனி உடைந்தால் வெளியே குதிக்க வேண்டும்.
மகளிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.
பலகையைக் கை காட்டினார்.'

கடைசி வரியில் பலகை இருந்தது.
பேனா இரண்டு போட்டுவிட்டது.
அதற்குப் பிறகுதான் படித்தேன்.

விரலளவா?
பத்தியில் அப்படியா இருக்கிறது?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்.
திங்கட்கிழமை வேலை தொடங்கியபோது நேரம் இல்லை.
நான் பத்தியைப் படிக்கவில்லை,
விடைக்குறிப்பைத்தான் படித்தேன்.
நூற்று நாற்பது தாள் ஆகியிருந்தது.

இப்போது படித்தேன்.
முதல் தடவை வெறுமனே ஒரு கார் போனது.
இரண்டாம் தடவை ரேடியோ நின்றது,
அதற்கு அடியில் பனி நெறுநெறுத்தது.
அடுத்த தடவை உதடு அசைத்துப் படித்திருக்கிறேன் போல,
வைக்கெ தலையைத் தூக்கி
"என்ன, ஜெபமா?" என்றாள்.

ஏழாவது கேள்வி: கடைசியில் என்ன நடந்தது?
குறிப்பு: இருவரும் தீவை அடைந்தார்கள். ஒரு மதிப்பெண்.
அதை எழுதாத பிள்ளையே இல்லை.
அத்தனை பேருக்கும் போட்டிருக்கிறேன்.

217:
'பத்தி பனியின் மேலேயே முடிகிறது.
திரும்பிப் போய்த் தேடினேன்.
கரை இல்லை.'

விரல் வைத்துப் போனேன்,
பன்னிரண்டாம் வரி, பதின்மூன்று, பதினான்கு.
முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கு சிறுத்துக்கொண்டே போகிறது.
அப்பா வேகத்தைக் கூட்டவில்லை.
முற்றுப்புள்ளி.

எண்டெல் கோட்டை மாட்டிக்கொண்டு
மணி பதினொன்று என்கிறார்.
நான் முதல் கட்டை இழுத்து
நூலை அவிழ்க்கிறேன்.